புல்லட் 350 ஆயில் கசிவு: மூன்று முறை கேஸ்கெட் மாற்றியும் நிற்கவில்லை

பூப்பாறை ஏலக்காடு

போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் பூப்பாறையிலிருந்து எழுதுகிறேன். அப்பா ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது வாங்கிய 1988 மாடல் புல்லட் ஸ்டாண்டர்ட் 350 இப்போது என் கையில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை போடிநாயக்கனூருக்கு இறங்கி ஏறுகிறேன். 17 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் முழுவதும் இரண்டாம் கியரில்தான்.

எஞ்சினின் வலப்பக்கம், சிலிண்டருக்குக் கீழே, எப்போதும் எண்ணெய். இரவு நிறுத்திய இடத்தில் காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. எட்டு மாதத்தில் டேப்பட் கவர், டைமிங் கவர் என்ற இரண்டு எஞ்சின் மூடிகளுக்கும் அடியில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. கடைசி முறை பட்டறையில் கேஸ்கெட்டின் இருபுறமும் சிவப்பு சீலண்ட் தாராளமாகப் பூசி இறுக்கி மூடினார்கள். ஒரு வாரம் காய்ந்திருந்தது. பிறகு பழையபடியே.

கறையோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். போன மாதம் பக்கவாட்டில் கட்டிக் கொண்டுபோன ஏலக்காய் மூட்டையின் அடி நனைந்துவிட்டது. ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். நாலு கிலோவைத் தனியாக ஒதுக்க வேண்டியதாயிற்று. அதைவிட மோசம், பின் டயரின் இடது ஓரத்தில் எண்ணெய் பட்டிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. கால் ஊன்றித் தப்பித்தேன்.

விற்றுவிடு என்கிறார்கள். விற்க மாட்டேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

குமுளி ஜீப்

தம்பி, புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும். எங்கள் மாமா வண்டியும் அப்படித்தான். அடியில் ஒரு தகரத்தட்டு வைத்திருந்தார். கெட்டியான நாற்பதாம் நம்பர் ஆயில் ஊற்றிப் பாருங்கள். கசிவு குறையும்.

கம்பம் பட்டறை

குமுளி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. "புல்லட் என்றால் ஒழுகும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. 1956இல் திருவொற்றியூரில் இந்த வண்டியைக் கட்டத் தொடங்கியதே ராணுவத்துக்காக. எல்லைக் காவலுக்குப் போன வண்டி ஒழுகிக்கொண்டே போகவில்லை. ஒழுகுகிறது என்றால் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடாமல் தட்டு வைப்பது, காய்ச்சல்காரனுக்கு விசிறி வீசுவது போல. கெட்டி ஆயிலும் அப்படித்தான். மலைக்குளிரில் காலையில் கிக்கர் அடிக்கவே கஷ்டம் தரும், ஓட்டை அடைபடாது.

பூப்பாறைத் தம்பி, கேஸ்கெட்டை மறந்துவிடுங்கள். மூன்று முறை மாற்றியும் நிற்கவில்லை என்றால் குற்றவாளி அது இல்லை. முதலில் இந்த எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள்.

இது ஒற்றைச் சிலிண்டர். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் அடியில் இருக்கும் 346 சிசி காற்றையும் சேர்த்துத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்று கிராங்க் கேஸுக்குள், அதாவது எஞ்சினின் அடிக்கூட்டுக்குள், அமுங்கி அமுங்கி எழுகிறது. இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது இன்னொன்று ஏறிச் சமன் செய்யும். இதில் அந்த வசதி இல்லை. அதனால்தான் மூச்சுக்குழாயில் ஒருவழி வால்வு வைத்தார்கள். ரப்பரால் ஆனது, பார்க்க வாத்தின் அலகு போல இருக்கும். காற்று வெளியே போகும்போது அலகு திறக்கும், உள்ளே இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும். அந்த அலகு காய்ந்து விறைத்துப்போனாலோ, குழாய் மடங்கினாலோ, அமுக்கம் வேறு வழி தேடும். டேப்பட் கவர், டைமிங் கவர், எஞ்சின் தலையில் வால்வுகளை இயக்கும் ராக்கரின் மூடி என்று எங்கெல்லாம் இணைப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் எண்ணெயைப் பிதுக்கும். புதிய கேஸ்கெட் ஒரு வாரம் தாங்கும், பிறகு அதுவும் தோற்கும். உங்கள் கதை அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று கேள்விகள். மூச்சுக்குழாய் எங்கே போய் முடிகிறது? ஆயில் அளவை எப்போது பார்க்கிறீர்கள், எப்படி? ஏற்றத்தில் நீலப் புகை வருகிறதா?

பூப்பாறை ஏலக்காடு

அண்ணே, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சுக்குழாய் ஒரு சிறு டப்பாவுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் டப்பா இல்லை. யாரோ எடுத்துவிட்டு, நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஆயில் அளவு காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பேன். எப்போதும் குறைவாகவே காட்டும். வாரத்துக்கு ஒருமுறை கால் லிட்டர் ஊற்றுகிறேன். நீலப் புகை காலையில் முதல் கிக்கில் மட்டும், அரை நிமிடம் இருக்கும். ஏற்றத்தில் இல்லை.

கம்பம் பட்டறை

தம்பி, பின் டயர் நனைவதற்குக் காரணம் உங்கள் கையில் இருக்கும் ஆயில் டப்பாதான்.

புல்லட்டுக்கு எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை. கிராங்க் கேஸோடு சேர்த்து வார்த்த ஓர் அறைதான் தொட்டி. அங்கிருந்து ஒரு பம்பு எண்ணெயை எடுத்துக் கொடுக்கும், இன்னொரு பம்பு கிராங்க் பக்கம் வடிந்ததைத் திரும்ப அள்ளிக் கொண்டுவரும். வண்டி இரவெல்லாம் நின்றால், தேய்ந்த பம்பு வழியாக எண்ணெய் மெல்ல மெல்லத் தொட்டியிலிருந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். காலையில் குச்சி போட்டுப் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். எண்ணெய் எங்கும் போகவில்லை, பக்கத்து அறையில் இருக்கிறது. நீங்கள் கால் லிட்டர் ஊற்றுகிறீர்கள். உதைத்துக் கிளப்பியதும் கிராங்க் அந்தக் குளத்தில் சுழன்று, மிச்சத்தை மூச்சுக்குழாய் வழியே வெளியே துப்புகிறது. குழாய் முடிவது டயருக்கு முன்னால். முதல் கிக்கில் மட்டும் வரும் புகையும் இதைத்தான் சொல்கிறது.

இனி அளவு பார்ப்பதானால் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து அல்ல, நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி. அதற்கு முன் அந்தக் குழாயை இன்றே டயரிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். இது நாளைக்கு என்று விடுகிற வேலை அல்ல.

வாளையார் லேத்

கம்பத்து அண்ணன் சொன்னது சரி. ஆனால் வலப்பக்கம் ஊறும் எண்ணெய்க்கு மூச்சு மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். மூன்று முறை கழற்றிப் பூட்டிய கவர் நேராக இருக்காது. என்னிடம் வரும் டைமிங் கவர்களில் பாதி, திருகு ஓட்டைகளைச் சுற்றி மேடு தட்டியிருக்கும். அலுமினியத்தில் இரும்புத் திருகை ஓங்கி இறுக்கினால் மரையோடு சேர்ந்து உலோகமே மேலெழும். அந்த மேடு கேஸ்கெட்டைத் தூக்கிப் பிடிக்கும், இரண்டு திருகுகளுக்கு நடுவே இடைவெளி விழும்.

ஒரு தடித்த கண்ணாடித் துண்டை மேசையில் வைத்து, அதன் மேல் 320 நம்பர் எமரித் தாள், இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். கவரை அதில் எட்டு வடிவத்தில், அழுத்தாமல், பத்து முறை நகர்த்துங்கள். பளபளக்கும் இடம் மேடு, மங்கலாக இருக்கும் இடம் பள்ளம். முழுவதும் ஒரே பளபளப்பாக வரும்வரை தேய்க்கலாம். எமரித் தூள் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். அந்தக் கவருக்குள்ளேயே எண்ணெய் வழிகள் ஓடுகின்றன.

டேப்பட் கவரை ஒரே ஒரு நடு நட்டுதான் பிடிக்கிறது. கசிகிறதே என்று அதை இறுக்க இறுக்க, தகடு நடுவில் குழிந்து ஓரங்கள் எழும்பும், கசிவு கூடும். கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தை ஒரு விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது.

குடியாத்தம் 350

ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து. சிவப்பு சீலண்ட் என்று படித்ததும் மனம் பதறியது, அதனால் எழுதுகிறேன்.

சித்தூர் சாலையில் ஒரு பட்டறையில் என் வண்டியின் டைமிங் கவரை இப்படித்தான் சீலண்ட் கொழித்துப் பூட்டினார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டார்கள். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? உள்பக்கம் நூலாகத் தொங்கியது அறுந்து எண்ணெய் வழியில் போய் உட்கார்ந்தது. இருநூறு கிலோமீட்டர் ஓடியது. பலமநேர் ஏற்றத்தில் அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம். பிக் எண்ட், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்து பேரிங், போய்விட்டது. அந்தச் செலவை இன்னும் நினைத்தால் தூக்கம் வராது.

தம்பி, டைமிங் கவரைக் கழற்றுங்கள். வடிகட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். அது வரை ஏற்றம் ஏறாதீர்கள். தயவுசெய்து.

பூப்பாறை ஏலக்காடு

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மழை. ஸ்டோர் வாசலில், ஏலக்காய் உலர்த்தும் கூடத்தின் திண்ணையில் வண்டியை ஏற்றி வைத்து நாள் முழுவதும் வேலை பார்த்தேன்.

வடிகட்டியை எடுத்தேன். மடிப்புகளுக்குள் சிவப்பு நூல் இரண்டு. ஒன்று அரை அங்குலம் இருக்கும். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குடியாத்தம் அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கவரின் வழிகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் பம்பால் ஊதி, வெளிச்சத்தில் பார்த்தேன். இரு ஓரத்திலும் ஒட்டியிருந்ததை மூங்கில் சீவலால் சுரண்டினேன், இரும்பு தொடவில்லை.

டேப்பட் கவர் கண்ணாடி மேல் தாளம் போட்டது. நடுவில் நன்றாகக் குழிந்திருக்கிறது.

மூச்சுக்குழாய் வால்வு கல் மாதிரி. அழுத்தினால் விரிசல் விடுகிறது. பழைய வண்டியோடு வந்ததாகவே இருக்கும்.

கேஸ்கெட் இன்னும் வாங்கவில்லை. அதற்கு முன் எதையாவது பார்க்க வேண்டுமா?

கம்பம் பட்டறை

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். பூட்டுவதற்கு முன் எண்ணெய் எங்கே பிறக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். நனைந்திருக்கும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எண்ணெய் கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த பகுதியின் மிக மேலே, மிக முன்னே இருக்கும் புள்ளிதான் நமக்கு வேண்டும்.

பழைய கேஸ்கெட்டையே சீலண்ட் இல்லாமல் தற்காலிகமாகப் போட்டுப் பூட்டுங்கள். எஞ்சின் முழுவதையும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, சோப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் காயவிடுங்கள். இந்த மாதம் உங்கள் ஊரில் வெயில் ஏது, அடுப்படிச் சூட்டிலாவது காயட்டும். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிய துணியில் கட்டிச் சிலிண்டரின் வலப்பக்கம் முழுவதும் தட்டுங்கள். சாந்தன்பாறை வரை போய்த் திரும்புங்கள். வெள்ளையில் முதல் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

முகர்ந்தும் பாருங்கள். எஞ்சின் ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடிக்கும். கியர் பெட்டியில் 90 நம்பர் ஆயில் ஊற்றியிருந்தால் அதற்குக் கந்தக வாடை, மூக்கு ஏமாறாது.

பூப்பாறை ஏலக்காடு

பவுடர் போட்டேன். அம்மா திட்டினார்கள், புதிய டப்பா.

அண்ணே, கோடு டேப்பட் கவரில் தொடங்கவில்லை. மேலே, ராக்கருக்கு எண்ணெய் ஏற்றும் மெல்லிய குழாய் தலையில் சேரும் போல்ட்டில் தொடங்குகிறது. அங்கிருந்து சிலிண்டர் விலாக்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் இறங்கி, டேப்பட் கவரின் மேல் விளிம்பில் தேங்கி, பிறகு பரவுகிறது. எட்டு மாதமாக நாங்கள் டேப்பட் கவரையே கழற்றிக்கொண்டிருந்தோம்.

டேப்பட் கவரின் கீழ் விளிம்பிலும் ஒரு சிறு கோடு உண்டு. அது அதனுடையதுதான். இடப்பக்கம், கியர் பெட்டி ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ஈரம். முகர்ந்தேன், கந்தகம்.

குமுளி ஜீப்

என் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாமா வண்டி இன்னும் வீட்டில்தான் நிற்கிறது. இந்த வாரம் பவுடர் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

கம்பம் பட்டறை

குமுளி அண்ணே, பாருங்கள், நிச்சயம் ஏதாவது தெரியும்.

தம்பி, ராக்கர் குழாய் போல்ட்டில் இருபுறமும் செப்பு வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போகும், மறுபடி பிடிக்காது. புதியது கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைக் கம்பியில் கோத்து அடுப்பில் மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு இரும்பு மாதிரி அல்ல, தண்ணீரில் போட்டாலும் மெத்தென்றே இருக்கும். கறுப்பை எமரியில் தேய்த்து எடுங்கள். போல்ட்டை இறுக்கும்போது குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இன்னொரு கையால் பிடியுங்கள். அந்தப் போல்ட்டுக்கு உள்ளே ஓட்டை இருக்கிறது, பலம் கொடுத்தால் கழுத்து முறியும்.

டேப்பட் கவரை மரத்துண்டு மேல் கவிழ்த்து மரச்சுத்தியலால் தட்டி நேராக்கலாம். கேஸ்கெட் கார்க்கில் போடுங்கள். நட்டு விரலால் திருகி முடிந்த பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். நட்டு உட்காரும் ஸ்டட்டின் மரை வழியாகவும் எண்ணெய் ஏறி வரும். அங்கே மட்டும் ஒரு துளி சீலண்ட் விடலாம், அல்லது நட்டுக்கு அடியில் நார் வாஷர். டைமிங் கவருக்குப் பேப்பர் கேஸ்கெட், மேலே கிரீஸ் தடவினால் போதும். அடுத்த முறை கிழியாமல் வரும்.

மூச்சுக்குழாய்க்குப் புதிய வால்வும், காணாமல்போன டப்பாவும் வாங்குங்கள். பூட்டிய பிறகு குழாய் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றிப் பிடித்து எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். பை உப்பி உப்பியே நிற்க வேண்டும். உப்பிச் சுருங்கினால் வால்வு ஒட்டவில்லை என்று அர்த்தம். நிமிடத்துக்கு மேல் பிடிக்காதீர்கள்.

வாளையார் லேத்

ஒரு சந்தேகம். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்கினாலும் கிராங்க் கேஸில் அமுக்கம் கூடுமே? 1988 வண்டி. சிலிண்டரைக் கடைந்து ரீபோர் எப்போது செய்தது?

பூப்பாறை ஏலக்காடு

அப்பா இருக்கும்போது, 2011இல். அதன் பிறகு இல்லை.

கம்பம் பட்டறை

நியாயமான கேள்வி. பிளக்கைக் கழற்றி, ஒரு கரண்டி ஆயிலை அந்த ஓட்டை வழியே விட்டு, பிளக்கைப் பூட்டிக் கிக்கரை மெதுவாக மிதியுங்கள். முன்பைவிட மிதி சட்டென்று கனத்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. பெரிய மாற்றம் இல்லை என்றால் ரிங் இன்னும் தாங்கும். ஏற்றத்தில் புகை இல்லை என்றதால் எனக்குப் பெரிய பயம் இல்லை.

பூப்பாறை ஏலக்காடு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

வால்வும் டப்பாவும் மதுரையிலிருந்து வரவழைத்தேன். செப்பு வாஷர் நாலும் அடுப்பில் காய்ச்சினேன். டேப்பட் கவரை நேராக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடி மேல் இப்போது ஆடவில்லை. கார்க் கேஸ்கெட் நானே வெட்டினேன். கரண்டி ஆயில் விட்டு மிதித்ததில் பெரிய மாற்றம் இல்லை. பிளாஸ்டிக் பை உப்பி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது, மூச்சை இழுத்துப் பிடித்த குழந்தையின் நெஞ்சு மாதிரி.

போடிக்கு இரண்டு முறை இறங்கி ஏறிவிட்டேன். ஒருமுறை 40 கிலோ ஏலக்காயோடு. மேலே வந்ததும் அடியில் தினத்தாள் விரித்து வைத்தேன். காலையில் வலப்பக்கம் முழுக்கக் காய்ந்த தாள். இடப்பக்கம் கியர் பெட்டிக்குக் கீழே மட்டும் ஓர் எட்டணா அளவுக்குக் கறை. ஆயில் அளவு வேலை முடித்ததிலிருந்து அப்படியே இருக்கிறது, ஒரு சொட்டு ஊற்றவில்லை. பின் டயரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

தாளை மடித்து வைத்திருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

குடியாத்தம் 350

படித்ததும் நிம்மதி. வடிகட்டியை அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள். எங்காவது ஒட்டியிருந்த மிச்சம் பிறகு வரலாம்.

கம்பம் பட்டறை

கியர் பெட்டிக் கறைக்கு இப்போதே கைவைக்க வேண்டாம். முதலில் அளவு அதிகமாக ஊற்றியிருக்கிறார்களா என்று அளவுத் திருகைத் திறந்து பாருங்கள். மிச்சம் இருந்தால் வடியும், வடியட்டும். அதற்குப் பிறகும் கறை பெரிதானால் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி சீலைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிரைமரி செயின் பெட்டியைத் திறந்து கிளட்சையும் வெளியே எடுக்க வேண்டும், திண்ணையில் தனியாகச் செய்கிற வேலை இல்லை. கம்பம்மெட்டு வழியாக ஒருநாள் இறங்கி வாருங்கள். சேர்ந்தே திறப்போம், கூலி வேண்டாம்.

குமுளி ஜீப்

பவுடர் போட்டேன். எங்கள் வண்டியில் கோடு ராக்கர் மூடியில் தொடங்குகிறது. பூப்பாறைத் தம்பி, அந்தக் கார்க் தகடு எங்கே வாங்கினீர்கள்? என்ன தடிப்பம்?

பூப்பாறை ஏலக்காடு

போடியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பம்புசெட் உதிரிபாகம் விற்கும் கடையில், அண்ணே. தடிப்பம் 3 மில்லிமீட்டர். அரைத் தகடு மிச்சம் இருக்கிறது. ஆனால் அது டேப்பட் கவருக்குப் போட்ட கார்க், ராக்கர் மூடிக்கு அதே தடிப்பம் சரிவருமா என்று கம்பத்து அண்ணனைக் கேட்டுக்கொள்ளுங்கள். சரியென்றால் வெள்ளிக்கிழமை குமுளி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

கம்பம் பட்டறை

ராக்கர் மூடிக்கு அவ்வளவு தடிப்பம் வேண்டாம், பிதுங்கும். பழைய கேஸ்கெட்டைக் கிழியாமல் எடுத்து அதன் தடிப்பத்தை அளந்து சொல்லுங்கள், என்னிடம் இருப்பதில் வெட்டித் தருகிறேன்.